வந்திறங்கியவர்களின் ஊர்

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் விட ஆரம்பித்தார்கள். நாலு மணி நேரச் சொச்சத்தில் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இருந்தாலும் முதல்முறை போகிறவர்கள் யோசனை கேட்டால், கோலாலம்பூரில் இறங்கி ரயில் பிடியுங்கள், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் கடலைத் தாண்டுங்கள் என்றுதான் சொல்வேன். அரை நாளுக்கு மேல் செலவாகும். ஆனால் விமானத்தில் போனால் தீவின் கொல்லைப்புறத்தில் இறங்குகிறோம். விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ், 1972இல் இன்டெல் கடை விரித்த பிறகு மின்னணுத் தொழிற்சாலைகளாக மாறிப்போன வட்டாரம். அதைத் தாண்டினால் அடுக்குமாடிகள், வாகன நெரிசல். அந்த வழியாகப் பழைய ஊருக்குப் போய்ச் சேரும்போது அது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஜார்ஜ் டவுன் என்ற அந்தப் பழைய ஊரின் முகம் கடலைப் பார்த்து இருக்கிறது.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். கார்களையும் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன பழைய இரட்டைத்தட்டு ஃபெர்ரிகள் 2020 கடைசியோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை புதியவை. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். கடலுக்கு மேல் 1985இல் ஒரு பாலமும் 2014இல் இன்னொரு பாலமும் வந்துவிட்ட பிறகு கார்களுக்கு இந்தப் படகு தேவைப்படவில்லை. என்னோடு ஏறியவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. வானம் தெளிந்திருந்தால் வடக்கே கெடா மாநிலத்தின் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரம்தான் புஜாங் பள்ளத்தாக்கு. நம் மெய்க்கீர்த்திகளில் வரும் கடாரம். 1025வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்தபோது மாலுமிகள் கண் வைத்திருக்கக்கூடிய மலை அது. ஜார்ஜ் டவுன் நிற்கும் முனையோ அதற்கு எழுநூற்றைம்பது ஆண்டு கழித்தும் காடாகத்தான் கிடந்தது.

அந்தக் காட்டை 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றியவர் பிரான்சிஸ் லைட். கைப்பற்றினார் என்பதைவிட ஏமாற்றி வாங்கினார் என்றால் பொருத்தம். சயாமியரும் பர்மியரும் நெருக்கிக்கொண்டிருந்த கெடா சுல்தான், படை உதவி கிடைக்கும் என்று நம்பித் தீவை விட்டுக்கொடுத்தார். அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்கக் கம்பெனி தயாராக இல்லை. அந்தச் சங்கதியை லைட் சுல்தானிடம் பூசி மெழுகினார். 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்க சுல்தான் படகுகளைத் திரட்டியபோது லைட் முந்திக்கொண்டு அடித்தார். கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் வாடகைக்கு சுல்தான் இறங்கிவர வேண்டியதாயிற்று. காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம் லைட். காசு பொறுக்கப் போனவர்கள் வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போனார்களாம். ஊரில் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை. உண்மையோ பொய்யோ, கம்பெனியின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

படகுத்துறையிலிருந்து வலப்பக்கம் கரையோரமாக நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மதில், உள்ளே புல்வெளி, அவ்வளவுதான். ஒரு போரையும் அது பார்க்கவில்லை. லைட் மரத்தால் கட்டியதைப் பின்னால் செங்கல்லால் எடுத்துக் கட்டினார்கள். அந்த வேலையில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு உண்டு. மதில்மேல் 1603ஆம் ஆண்டு வார்த்த டச்சுப் பீரங்கி ஒன்று இருக்கிறது. ஸ்ரீ ரம்பாய் என்று பெயர். ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறிக் கடைசியில் பிரிட்டிஷாரிடம் சிக்கியது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைக்கிற பழக்கம் உண்டு.

எனக்கு அந்தப் பீரங்கியைவிட எதிரே இருக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் தோன்றியது. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அவர்களோடு நின்றவர்களில் மிஞ்சிய 73 பேரைக் கம்பெனி நாடு கடத்தியது. 1802இல் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி அவர்களைக் கொண்டுவந்தது இந்தத் தீவுக்குத்தான். சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் அதில் ஒருவர். இங்கிருந்து சுமத்ராவின் பெங்கூலனுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே செத்துப்போனார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். இதில் நெஞ்சை அறுக்கும் ஒரு பின்கதை உண்டு. கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், போருக்கு முன்பு சின்ன மருதுவோடு நட்பாக இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டவர். பின்னால் அவருக்கெதிரான படையிலும் போனவர். அந்த வெல்ஷ் 1818இல் பினாங்குக்கு வந்தபோது உருக்குலைந்த ஒரு மனிதர் அவரைத் தேடி வந்து நின்றார். யாரென்று அடையாளம் தெரியவில்லை. துரைசாமி என்று பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. முப்பதைத் தாண்டியிருந்த அந்த ஆள் கிழவர் போல இருந்தார் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார் வெல்ஷ். கோட்டைக்குள் பலகை பலகையாக வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்த வரையில் இந்த 73 பேருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

சென்னையையும் பினாங்கையும் சேர்க்கும் இன்னொரு கப்பலும் இதே தண்ணீரில் வந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டு நழுவிய ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்துவிட்டுப் போனது. நம் ஊரில் கெட்டிக்காரப் பயலை எம்டன் என்று திட்டுவது போல இங்கே யாரும் திட்டுவதாகத் தெரியவில்லை.

கரையோரத்தில் மணிக்கூண்டு வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று உண்டு. ரயில்வே கட்டியது. டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் இருந்த, தண்டவாளம் மட்டும் இல்லாத ரயில் நிலையம். டிக்கெட் வாங்கியவர்களைப் படகில் ஏற்றி அக்கரையில் ரயிலுக்கு அனுப்பினார்கள். இப்போது சுங்க இலாகா இருக்கிறது. அதற்குப் பின்னால் கடற்கரைத் தெருவில் வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் கட்டிய பெரிய தூண் வைத்த மாளிகைகள். அவற்றை வேகமாகக் கடந்துவிட்டேன். துறைமுகப் பணம் எந்த ஊரிலும் ஒரே மாதிரித்தான் கட்டடம் கட்டும்.

அந்த வரிசைக்குப் பின்னால்தான் ஊர் ஆரம்பிக்கிறது. லைட் போட்ட தெருக்கள் இன்றும் அதே சதுரத்தில் கிடக்கின்றன. கடலிலிருந்து உள்ளே நடக்க நடக்க ஒன்று பிடிபட்டது. இங்கே பழையது என்று நாம் படம் எடுக்கிற கோயில், பள்ளிவாசல், தர்கா, சங்க மண்டபம் எல்லாவற்றுக்கும் ஆதியில் ஒரே வேலைதான்: கப்பலைவிட்டு இறங்கியவனைக் கைப்பிடித்து ஏற்றுக்கொள்வது. கரையில் கால் வைத்தவனுக்குத் தேவை தன் பேச்சைப் பேசும் ஒரு ஆள், அன்று ராத்திரி படுக்க ஒரு இடம், கையில் கொஞ்சம் கடன், செத்தால் எடுத்துப்போட நாலு பேர், நேர்த்திக்கடன் செலுத்த ஒரு சாமி. இவை அத்தனையும் படகுத்துறையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் அப்படிக் கட்டப்பட்ட ஊர்.

சூலியா தெருவில் இது பளிச்சென்று தெரிகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் அன்று சூலியர் என்றார்கள். 1794இல், சாவதற்குச் சில மாதம் முன்பு லைட் எழுதிய குறிப்பில், இங்கே தங்கிவிட்ட சூலியர் ஆயிரத்துக்கு மேல் என்றும், ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து வியாபாரமும் கூலி வேலையும் செய்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவதாகவும் சொல்கிறார். ஊர் பிறந்து எட்டு வருடம்கூட நிறையவில்லை, அதற்குள் இந்தப் போக்குவரத்து. 1801இல் சூலியர் தலைவர் காதர் மொஹிதீன் பள்ளிவாசல் கட்டக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்று தெரியும் குமிழ்க் கூரையும் மினாராவும் இருபதாம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியவை. வெயில் உச்சியில் உள்ளே நுழைந்தால் பளிங்குத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். வெளியே வர மனம் வராது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா தெரு மூலையில், நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகைக்கு இங்கே எழுப்பிய நினைவிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் ஒன்று உண்டு, இதற்கு இளையது. ஏன் போன இடமெல்லாம் நாகூர் என்றால், அவர் கடலோடிகளின் காவல். நடுக்கடலில் ஓட்டை விழுந்த டச்சுக் கப்பலை, சவரம் செய்துகொண்டிருந்தபடியே கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்தவர் என்பது நம்பிக்கை. நாகப்பட்டினத்தில் ஏறும்போது நேர்ந்துகொண்டவனுக்கு இறங்கிய கையோடு நன்றி சொல்ல ஒரு இடம் வேண்டாமா? கட்டடம் சின்னது. வெளிச்சுவரைக் குடைந்து வைத்தாற்போலச் சிறு கடைகள். தொப்பியும் அத்தரும் தொங்குகின்றன. உள்ளே பச்சைப் போர்வை, ஊதுபத்திப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கு.

கடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“ஊருலேந்து வாரீயளா?”

“ஆமாம் பாய். மதுரைப் பக்கம்.”

“நமக்கு முகவை. அத்தா கையப் புடிச்சுக்கிட்டு ரஜுலாவுல வந்தது. ஆறேழு நாளு. தளத்துலதான் படுக்கை, மழை பேஞ்சா பாயச் சுருட்டிக்கிட்டு ஓடணும்.”

ரஜுலா 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985இல் அது தீப்பிடித்ததோடு கப்பல் பயணம் என்ற அத்தியாயமே மூடிவிட்டது. அத்தா இங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன்.

“மச்சான் கடையில வேல. கடை மாடியிலயே படுக்கை. வெள்ளிக்கிழமை கப்பித்தான் பள்ளி. காசு அனுப்ப செட்டியார் கடை. எல்லாம் இந்தா இந்த நாலு தெருவுக்குள்ள. மலையப் பாக்கவே எனக்கு அஞ்சாறு வருசம் ஆச்சு.” பினாங்கு மலை 833 மீட்டர், ஊரின் எந்த மூலையிலிருந்து நிமிர்ந்தாலும் தெரியும். ‘பாக்க’ என்று அவர் சொன்னது ஏறிப் பார்க்க என்ற பொருளில்.

செட்டியார் கடை பினாங்குத் தெருவில். லேவாதேவி செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே வரிசையாக இருந்தன. நீளக் கூடம், சுவரோரம் ஆளுக்கொரு பெட்டியடி, கணக்குப்பிள்ளை, அடுத்தாள், சமையல்காரர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குப் போகலாம். பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவரும் வழக்கம் இல்லை. அந்தத் தெருவின் கோயில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறது. வழி நெடுகச் சாலையில் குவித்த தேங்காய்களை உடைப்பவர்களில் சீனர்கள் பாதிக்குமேல் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017இல் இந்து அறநிலைய வாரியம் தங்க ரதம் ஒன்று செய்தது. அன்றிலிருந்து இரண்டு ரதம். எங்கே போனாலும் நாம் நாம்தான்.

ராணித் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதையடுத்து நம்மவர்கள் கடைத்தெரு என்றே சொல்லும் மார்க்கெட் தெரு. மல்லிகை, எவர்சில்வர், பாட்டுச் சத்தம். இந்த இடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. மதுரைக்காரனுக்கு இதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

அச்சே தெரு வேறு மாதிரி. அச்சே அரச வம்சத்தோடு உறவுள்ள அரபு வணிகர் துங்கு சையது ஹுசைன் 1808இல் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார். எண்கோண மினாரா, நடுவில் வட்டமாக ஒரு துளை. 1867 கலவரத்தில் பட்ட குண்டு என்கிறார்கள். இந்தத் தெருவுக்குப் பிழைக்க வந்தவர்களைவிட ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர்களே அதிகம் வந்தார்கள். மலாயா, சுமத்ரா, தெற்கு சயாம் எங்கிருந்து வந்தாலும் கப்பலுக்காக இங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தங்க இடம், டிக்கெட் எடுத்துத்தர தரகர், இஹ்ராம் துணி, வழிச் செலவுக்கு அரிசி, கருவாடு என்று ஒரு தெருவே அவர்களை நம்பிப் பிழைத்தது. இரண்டாவது ஜித்தா என்று பெயர். எழுபதுகளில் ஹஜ் விமானத்துக்கு மாறியதும் தெரு அடங்கிவிட்டது. கடைப் பலகைகளில் சில இன்னும் அந்தப் பழைய எழுத்தோடு வெளிறிக் கிடக்கின்றன.

அந்த 1867 கலவரத்தைச் சொல்லியாக வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீனர் கோயில் எல்லாம் வரிசையாக இருக்கிற பழைய பிட் தெருவுக்குச் சுற்றுலாத் துறை வைத்திருக்கும் பெயர் நல்லிணக்கத் தெரு. அதே தெருக்களில்தான் அந்த ஆகஸ்டில் பத்து நாள் வெட்டிக்கொண்டார்கள். ஆனால் இனத்துக்கு இனம் அல்ல. கீ ஹின் என்ற சீனச் சங்கத்தோடு வெள்ளைக் கொடி என்ற சங்கத்து முஸ்லிம்கள் ஒரு பக்கம்; துவா பெக் கோங் சங்கத்தோடு சிவப்புக் கொடி முஸ்லிம்கள் மறு பக்கம். சண்டை போடுவதற்குக்கூட இந்த ஊரில் கலந்துதான் அணி சேர்ந்திருக்கிறார்கள். நல்லிணக்கத்துக்கு இதுவும் ஒரு சான்றுதான் என்று தோன்றியது; விளம்பரத்தில் போட முடியாத சான்று.

பீரங்கித் தெருவில் ஒரு இடுக்குச் சந்து. ஆள் இரண்டு பேர் உரசாமல் போக முடியாது. அதற்குள் நுழைந்து வெளிவந்தால் கருங்கல் பாவிய முற்றம், எதிரே மலைப்பூட்டும் கூ கோங்சி மண்டபம். கூ என்ற குலப்பெயர் கொண்ட ஹொக்கியன்களின் சொத்து. சந்து ஒடுக்கமாக இருப்பது தற்செயல் அல்ல. கலவரக் காலத்தில் வாசலை நாலு பேரே காக்க முடியும். இதற்கு முன் கட்டிய மண்டபம் 1901இல் எரிந்துபோனது. சீனப் பேரரசரின் அரண்மனையோடு போட்டி போட்டதால் தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். கொஞ்சம் அடக்கமாகக் கட்டுவோம் என்று 1906இல் முடித்ததுதான் இது. அடக்கம் இதுவென்றால் எரிந்தது எப்படி இருந்திருக்கும்! கூரை முகட்டில் நாகங்கள், வீரர்கள், பூக்கள், எல்லாம் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதித்துச் செய்தவை. படிக்கட்டின் இருபுறமும் காவலுக்கு இரண்டு கல் சிலைகள். கிட்டப் போய்ப் பார்த்தால் தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கியர்கள். அன்று பினாங்கில் காவல்காரன் என்றால் சீக்கியன். சாமிக்கும் அதே ஏற்பாடு.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியவை உள்ளே சுவரில் பதித்த பலகைகள். குலத்தில் எந்தப் பிள்ளை எந்த நாட்டில் மருத்துவம் படித்தான், எவன் பாரிஸ்டர், எவள் முனைவர் என்று பெயர் பெயராக, தங்க எழுத்தில். மூதாதையர் பெயர்ப்பலகைகளுக்குப் பக்கத்திலேயே அவை இருக்கின்றன. வந்திறங்கியவனுக்குச் சோறும் கூரையும் கொடுத்து, சண்டை வந்தால் பஞ்சாயத்து செய்து, செத்தால் புதைத்து, பிள்ளையைப் படிக்கவைத்துப் பெயரைச் சுவரில் எழுதுவதுவரை சங்கத்தின் பொறுப்பு. சுற்றியுள்ள வீடுகளையும் குலத்தாருக்கே வாடகைக்கு விட்டார்கள். கரையிலேயே இடம் பிடித்தவர்களும் உண்டு. படகுத்துறையை ஒட்டிக் கடலில் கால் ஊன்றிய சியூ, லிம், டான், லீ, இயோ குலத் துறைகளில், ஒவ்வொரு மரப்பாலத்திலும் ஒரே குலப்பெயர்க்காரர்கள். நிலத்தில் இல்லாத வீடு என்பதால் நில வரியும் கிடையாது.

பழைய ஊர் இப்படி மொத்தமாகத் தப்பிப் பிழைத்ததற்குப் பாரம்பரியப் பற்று காரணம் என்று நினைத்தால் அது பாதிகூட உண்மை இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காரணம். 1948க்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றவும் கூடாது, குடியிருப்பவனைக் கிளப்பவும் கூடாது என்று 1966இல் சட்டம் வந்தது. வீட்டுக்காரனுக்கு இடிக்கவும் வழியில்லை, பழுது பார்க்கவும் மனமில்லை. தச்சன், தகரக்காரன், சாமி பொம்மை செய்பவன், காப்பிக் கடைக்காரன் எல்லோரும் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தார்கள். கோலாலம்பூர் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தபோது ஜார்ஜ் டவுன் ஓடு சரிந்தபடி அப்படியே இருந்தது. 2000 ஜனவரி முதல் தேதி சட்டம் விலகியது. வாடகை எகிறியது. ஆட்கள் போனார்கள். காலியான மாடிகளில் ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் கீச்சொலி போட்டுக் கூடு கட்டும் குருவிகளை வரவழைத்தார்கள். குருவிக் கூட்டுச் சூப்புக்கு அந்தக் கூடு நல்ல விலை. மனிதனைவிடக் குருவி கூடுதல் வாடகை கொடுத்த காலம் அது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. குருவிகளையும் வெளியேற்றினார்கள். சுவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, சுவருக்குள் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆர்மீனியத் தெருவில் நடந்தால் இது கண்கூடு. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் ஒரு சுவரில், நிஜ சைக்கிளைப் பொருத்தி அதன்மேல் அக்காவும் தம்பியும் ஓட்டிப்போவதாக வரைந்தார். நல்ல ஓவியம். அதன் முன்னால் சைக்கிளைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ள நின்ற வரிசை எந்தக் கோயிலிலும் நான் பார்க்காதது. இதே தெருவில் 120ஆம் எண் வீட்டில்தான் 1910இல் சுன் யாட்-சென் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சீனப் பேரரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார். நான் போன வேளையில் அங்கே வரிசை எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஐஸ்கிரீம், காந்தத்தில் ஒட்டும் பொம்மை, பொட்டிக் விடுதி. அஞ்சடி என்று இங்கே சொல்லும் கடை முன் நடைபாதையில், முன்பு தறியோ பட்டறையோ இருந்த இடத்தில் இப்போது பூந்தொட்டி. குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் தங்கியதும் அப்படி ஒரு விடுதியில்தான், கட்டில் அருமை.

இரவு சாப்பாட்டுக்கு நாசி கண்டாருக்குப் போகாமல் பினாங்கை விட்டு வர முடியாது. சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி கட்டித் தூக்கிக்கொண்டு துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில் அது. இன்று கடையாகிவிட்டது, வரிசையில் நிற்பவர்களில் எல்லா இனமும் உண்டு. சோற்றைத் தட்டில் கொட்டி, மேலே வெண்டைக்காய், மீன் தலை, கணவாய், ஆட்டுக்கறி என்று நாம் காட்டக் காட்ட வைத்து, கடைசியில் நாலைந்து சட்டிக் குழம்பை ஒன்றாக ஊற்றுகிறார்கள். எது எந்தக் குழம்பு என்று கேட்கக் கூடாது. அந்தக் கலப்பில்தான் ருசி. இனிப்பும் உறைப்பும் கருகிய வெங்காயமும் நாக்கில் ஒன்றையொன்று துரத்தும்.

கரண்டி பிடித்திருந்த பையனுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து இருக்கும். பேச்சில் பரமக்குடி வாடை.

“பாஞ்சிர் போடவாண்ணே?” வெள்ளம்போல ஊற்றட்டுமா என்கிறான்.

“ஊத்துப்பா. எங்கே தங்கியிருக்கே?”

“இந்தா மேலதாண்ணே, கடை மாடி. எட்டுப் பேரு. வேலை முடிஞ்சா ஏணி ஏறுனா படுக்கை.”

“ஊருக்கு எப்போ?”

“பெர்மிட் முடிய ஒரு வருசம் கெடக்கு. நான் போனா மாமா பையன் வர்றான், மொதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவன் ஏர்போர்ட்ல எறங்குனதும் பஸ்ஸு எது, எங்க எறங்கணும்னு எல்லாம் வாட்ஸப்புல படமே போட்டு அனுப்பிட்டேன்.”

பின்னால் நின்ற சீனப் பெண்மணி பொறுமையிழந்து ஏதோ சொன்னார். பையன் கோழியா மீனா என்று ஹொக்கியனில் கேட்டு, அவர் முடிப்பதற்குள் தட்டை நிரப்பி, பத்து வெள்ளி ஐம்பது காசு என்று அதையும் ஹொக்கியனிலேயே சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துக் கரண்டியை நீட்டினான்.